புதுக்கடை மொழிபெயர்ப்புக் கடைகள்: ‘நியாயம்’ எங்கே தவறுகிறது?

கொழும்பு 12, புதுக்கடை நீதிமன்றங்களைச் சுற்றியுள்ள தெருக்களில் சட்டத்தரணிகளின் பெயர்ப்பலகைகளுக்கு நடுவே இன்னொரு வகைப் பலகையும் தொங்கும்: சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு, சிங்களம் – தமிழ் – ஆங்கிலம். உள்ளே ஒரு மேசை, கொம்பியூட்டர், பிரின்டர், ரப்பர் முத்திரை. அநேகமாக அவ்வளவுதான். பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்களுக்கு இந்தக் கடைகளைத் தயங்காமல் நம்பலாம். படிவம் மாறாது, மாறுவதெல்லாம் பெயரும் திகதியும் இலக்கமும்தான். பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கடவுச்சீட்டில் உள்ளபடி ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டால் பிழைக்கு இடமே இல்லை.

அதே கடையில் ஒரு விளக்கக் கடிதத்தையோ, வேலைநீக்கத்துக்கு எதிரான மேன்முறையீட்டையோ, விசா மறுப்புக்கான பதிலையோ, பொலிஸ் முறைப்பாட்டையோ கொடுத்துப் பாருங்கள். வேலையின் தரம் கடைக்குக் கடை மாறும். ஒரே கடையில் ஆளுக்கு ஆளும் மாறும். இந்தப் பத்திரங்களின் உயிர் ஒரே கேள்வியில் இருக்கிறது: செய்ததற்கு என்ன நியாயம்? அந்தக் கேள்வியைச் சுற்றி மூன்று மொழியிலும் டசின் கணக்கில் சொற்கள் நிற்கின்றன. ஒன்றைப் போலவே இன்னொன்று தோன்றும். ஆனால் ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் வைத்தால் கடிதம் எழுதியவருக்கு எதிராகவே திரும்பிவிடும். ஆகவே ஒரு கடை நல்லதா என்று பார்க்கச் சான்றிதழைக் கொடுத்துப் பயனில்லை. இந்தச் சொற்களை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

சிங்களத்திலிருந்து தமிழுக்கு வரும் வேலையில்தான் குழி அதிகம். இரு மொழியும் ஒரே வடசொல்லை எடுத்து, வேறு வேறு பொருளில் புழங்குகின்றன. சிங்களத்தில் ‘சாதாரண’ என்றால் நீதியான, பக்கச்சார்பற்ற என்று பொருள். தமிழில் சாதாரணம் என்றால் விசேஷமில்லாதது. நாங்கள் சாதாரண தரப் பரீட்சை என்பதைச் சிங்களவர் ‘சாமான்ய பெள’ என்பார்கள். அவர்களுடைய ‘சாதாரண’வுக்கும் அந்தப் பரீட்சைக்கும் சம்பந்தமில்லை. இப்படியிருக்க, ‘சாதாரணீகரணய’ என்பதை, அதாவது ஒன்றை நியாயமென்று நிறுவுவதை, ‘சாதாரணமாக்கல்’ என்று தமிழில் இறக்கினால் என்ன ஆகும்? அதிகாரி தன் செயலுக்கு நியாயம் காட்டினார் என்ற வாக்கியம், அவர் அதைச் சர்வ சாதாரண விடயமாக்கிவிட்டார் என்று மாறிவிடும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு இது சின்னப் பிழை அல்ல.

‘யுக்திய’வும் அப்படித்தான். சிங்களத்தில் அது நீதி. ‘யுக்திசஹகத’ என்றால் நியாயமான, ஏற்கத்தக்க. தமிழில் யுக்தி என்றால் தந்திரம், உபாயம். 2023 டிசம்பரில் பொலிஸார் போதைப்பொருளுக்கு எதிராகத் தொடங்கிய ‘யுக்திய’ நடவடிக்கையின் பெயரைத் தமிழ்ச் செய்திகளும் அப்படியே எழுதின. தமிழ் மட்டும் தெரிந்தவர் காதில் அது ஏதோ சாமர்த்தியமான திட்டம் என்றுதான் விழுந்திருக்கும். பெயர்ச்சொல்லாக விட்டதில் குற்றமில்லை. ஆனால் கடிதத்தின் நடுவில் வரும் ‘யுக்திசஹகத ஹேது’வை ‘யுக்தியான காரணங்கள்’ என்று எழுதினால், எழுதியவர் தந்திரம் பண்ணுகிறார் என்ற சாயல் ஒட்டிக்கொள்ளும். ‘தக்க காரணங்கள்’ என்றால் காரியம் முடிந்தது. ‘நியாய’ என்ற சொல்லே சிங்களத்தில் கோட்பாடு என்ற பக்கம் போய்விட்டது. ‘நியாய பத்ரய’ என்பது கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல். அதை நியாயப் பத்திரம் என்று எழுதுகிற ஆளிடம் வேறெதையும் கொடுக்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் நல்ல சோதனைச் சொல் ‘நிதஹஸட்ட கருணு’. அரச கந்தோரிலோ தனியார் நிறுவனத்திலோ ஒழுக்காற்று நடவடிக்கை தொடங்கும்போது வரும் சிங்களக் கடிதத்தில் இது கட்டாயம் இருக்கும். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘விடுதலைக்கான விடயங்கள்’. உண்மையில் கேட்பது இதுதான்: உங்கள் மீது சொல்லப்பட்ட குற்றத்திலிருந்து நீங்கள் விடுபடத் தக்க காரணம் இருந்தால் காட்டுங்கள். தமிழ்க் கந்தோர் நடையில் ‘காரணம் காட்டுமாறு கோரப்படுகிறீர்’ அல்லது ‘உமது விளக்கத்தைச் சமர்ப்பிக்கவும்’. கடைக்காரரிடம் இந்த ஒரு சொற்றொடரை வாயால் கேட்டாலே அவருடைய அனுபவம் தெரிந்துவிடும். அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையின் ஒழுக்காற்று நடைமுறையோடு பழகியவர் யோசிக்காமல் சொல்வார்.

ஆங்கிலத்திலிருந்து வரும்போது சிக்கல் வேறு மாதிரி. ‘ஜஸ்டிஃபை’ என்ற வினையைக் கண்டதும் கை தானாக ‘நியாயப்படுத்து’ என்று அடித்துவிடுகிறது. இன்றைய தமிழில் நியாயப்படுத்து என்ற சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்று கவனியுங்கள்: வன்முறையை நியாயப்படுத்துகிறார், ஊழலை நியாயப்படுத்துகிறார், தன் பிழையை நியாயப்படுத்துகிறார். பிழை என்று ஏற்கெனவே முடிவான ஒன்றுக்கு வலிந்து நியாயம் தேடுவது என்ற கெட்ட வாசனை அதில் ஏறிவிட்டது. நல்ல காரியத்தை யாரும் நியாயப்படுத்துவதில்லை. ஆகவே ‘எனது வருகையின்மையைப் பின்வருமாறு நியாயப்படுத்துகிறேன்’ என்று ஒருவர் பெயரில் எழுதிக்கொடுத்தால், பிழையை அவரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ‘சமூகமளிக்க முடியாமற் போனமைக்கான காரணங்கள் வருமாறு’ என்பதுதான் வேண்டிய வாக்கியம்.

இதே சொல் கொள்வனவுப் பத்திரங்களில் வந்தால் இன்னும் வேறு. ஒரு பொருளை வாங்கக் கேட்கும்போது ஆங்கிலப் படிவத்தில் ‘ஜஸ்டிஃபிகேஷன்’ என்றொரு பெட்டி இருக்கும். அங்கே யாரும் குற்றத்துக்குப் பதில் சொல்லவில்லை. ஏன் வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். ‘தேவைப்பாடு’ அல்லது ‘கொள்வனவுக்கான காரணம்’ போதும். நம்முடைய எழுத்து வழக்கில் ‘நியாயப்பாடு’ என்ற சொல்லும் உண்டு. தமிழ்நாட்டில் அவ்வளவாகக் காணாத, ஈழத்துக் கட்டுரையாளர்களுக்குப் பழகிய சொல். ஒரு கோரிக்கையின் நியாயப்பாடு, ஒரு போராட்டத்தின் நியாயப்பாடு என்று எழுதும்போது நியாயப்படுத்தலின் அந்தக் கெட்ட வாசனை இதில் இல்லை. தலைப்புக்கும் அறிக்கைக்கும் அருமையாகப் பொருந்தும். தனிநபர் கடிதத்தில் வைத்தால் மேடைப் பேச்சு மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு வழமையான பிழை, ‘ரீசனபிள்’, ‘ஜஸ்டிஃபைட்’ இரண்டையும் ‘நியாயமான’ என்றே எழுதுவது. நியாயமான விலை, நியாயமான கால அவகாசம், நியாயமான சந்தேகம் எல்லாம் முதலாவது சொல்லின் இடங்கள். மிகையில்லாத, புத்தியுள்ள எவரும் ஏற்கக்கூடிய அளவு என்பது கருத்து. இரண்டாவது சொல், செய்ததற்குப் போதிய காரணம் இருந்தது என்கிறது. ஒரே பந்தியில் இரண்டும் வந்தால் ஒன்றை ‘நியாயமான’ என்றும் மற்றதைத் ‘தக்க காரணமுடைய’ என்றும் பிரித்தாக வேண்டும். பிரிக்காவிட்டால் வேலைநீக்கக் கடிதமொன்றில் ‘நியாயமான அறிவித்தல் காலத்துடன் நியாயமான வேலைநீக்கம்’ என்று வரும். அறிவித்தல் காலம் போதுமா என்பது ஒரு கேள்வி, நீக்கியதற்குக் காரணம் இருந்ததா என்பது இன்னொரு கேள்வி.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் வேலை, குறிப்பாகப் பொலிஸ் முறைப்பாடும் சாட்சியமும், எங்கள் பேச்சு வழக்கு தெரியாத கைகளில் சீரழிகிறது. மூன்று சொற்களைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

முதலாவது சாட்டு. ‘அவர் சாட்டுச் சொன்னார்’ என்றால் நொண்டிக் காரணம் சொன்னார் என்று யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. நொண்டிச்சாட்டு, சாட்டுப்போக்கு எல்லாம் இதன் சகோதரங்கள். தமிழ்நாட்டில் இந்த இடத்தில் சாக்கு, சாக்குப்போக்கு. குற்றச்சாட்டும் சாட்டுதல் என்ற அதே வினையில் பிறந்ததுதான் என்பதால், விஷயம் தெரியாத மொழிபெயர்ப்பாளர் ‘அவர் குற்றஞ்சாட்டினார்’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிடுகிறார். தப்பப் பார்த்தவர் தாக்க வந்தவராகிவிடுகிறார்.

இரண்டாவது சமாதானம். ‘கேட்டதற்கு ஏதோ சமாதானம் சொன்னார்’ என்பதில் சண்டையும் இல்லை, அமைதியும் இல்லை. கேட்டவர் வாயை அடைக்கச் சொன்ன பதில் அது. முழுப் பொய்யாகவும் இருக்கத் தேவையில்லை, திருப்தியான விளக்கமாகவும் இருக்கத் தேவையில்லை. அதை ‘சமரசம் செய்ய முன்வந்தார்’ என்று மொழிபெயர்த்தால், பொறுப்பை ஏற்று இணக்கத்துக்கு வந்தவர் என்ற தோற்றம் நீதிமன்றத்தில் பதிவாகிவிடும். இந்தச் சொல்லை நாள்தோறும் ‘சமாதான நீதவான்’ முத்திரையில் பார்க்கிறவர்களே இதில் வழுக்குவது கொஞ்சம் வேடிக்கைதான்.

மூன்றாவதுதான் ஆகக் கடினம்: நியாயம் கேட்கப் போவது. ‘நியாயம் கேட்கப் போன இடத்தில் அடித்தார்கள்’ என்று முறைப்பாட்டில் இருந்தால், ஆங்கிலத்தில் என்ன எழுதுவது? நீதி கோரிப் போனார் என்றால் ஏதோ ஆணைக்குழுவுக்கு மனுக் கொடுக்கப் போனது போலிருக்கும். தகராறு பண்ணப் போனார் என்றால் முறைப்பாட்டாளரே குற்றவாளி. ஏன் இப்படிச் செய்தாய் என்று முகத்துக்கு நேரே கேட்கப் போனார் என்பதுதான் கருத்து. ஆங்கிலத்தில் விளக்கம் கேட்கப் போனதாக எழுதுவது பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்தும். இதே சொல் ‘என்னோட நியாயம் கதைக்காத’ என்று வந்தால் தர்க்கம் பண்ணாதே என்று பொருள், ‘நல்ல ஞாயம்!’ என்று வந்தால் அநியாயம் என்று பொருள். நல்ல கடை இப்படியான இடங்களில் போன் எடுத்துக் கேட்கும். கேட்காமலே முடித்துத் தருகிற கடையின் வேகத்தில் மயங்க வேண்டாம்.

சட்டப் பத்திரங்களுக்கு வருவோம். 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவையில் பொது விதிவிலக்குகள் என்ற பகுதி இருக்கிறது. 89ஆம் பிரிவு தற்காப்பு உரிமையைப் பயன்படுத்திச் செய்தது குற்றமாகாது என்கிறது. 77ஆம் பிரிவு சித்த சுவாதீனமில்லாத நிலையில் செய்ததைப் பற்றியது. இரண்டிலும் குற்றமில்லை என்பதுதான் முடிவு. ஆனால் முதலாவதில் செயலே சரியானது. இரண்டாவதில் செயல் சரியில்லை, செய்தவரைப் பொறுப்பாளியாக்க முடியாது. சட்ட நூல்கள் முதலாவதை ‘ஜஸ்டிஃபிகேஷன்’ என்றும் இரண்டாவதை ‘எக்ஸ்கியூஸ்’ என்றும் பிரிப்பது இதனால்தான். தமிழில் இரண்டாவதற்குச் ‘சாக்கு’ என்றோ ‘மன்னிப்பு’ என்றோ எழுதிய வரைவுகள் உலவுகின்றன. சாக்கு என்றால் பொய்க் காரணம். மன்னிப்பு என்றால் குற்றம் நிரூபணமான பிறகு வருவது. ‘நியாய விலக்கு’, ‘பொறுப்பு விலக்கு’ என்று இணைச் சொற்களாக எழுதி, முதலில் வரும் இடத்தில் ஒரு வரி விளக்கமும் வைத்தால் படிக்கிறவருக்குக் குழப்பமில்லை.

அவதூறு வழக்கு இன்னும் நுணுக்கமானது. இங்கே குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டுவிட்டது. எஞ்சியிருப்பது ரோமன் டச்சுச் சட்டத்தின் வழிவந்த குடியியல் வழக்கு. அதில் ‘ஜஸ்டிஃபிகேஷன்’ என்ற எதிர்வாதம், சொன்னது உண்மை, அதைச் சொன்னது பொதுநலனுக்கு என்ற இரண்டையும் சேர்த்துக் குறிக்கும். உண்மை மட்டும் போதாது. பத்திரிகை நிறுவனமொன்றின் மறுமொழியில் இதை ‘பிரதிவாதி தமது செய்தியை நியாயப்படுத்துகிறார்’ என்று தமிழாக்கினால் பிரதிவாதி பிடிவாதம் பிடிக்கிறார் என்று மட்டும்தான் விளங்கும். ‘உண்மையும் பொதுநலனும் என்ற எதிர்வாதம்’ என்று விரித்து எழுத வேண்டும். இந்த வகை வேலைக்குச் சாதாரண மொழிபெயர்ப்புக் கடை போதாது என்பதே எங்கள் தீர்ப்பு. சட்டத்தரணி ஒருவர் வரைவைப் பார்த்தே ஆக வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் இந்தியக் கலைச்சொற்பட்டியலைப் பார்த்து எழுதுகிறவர்களையும் இங்கே கண்டுபிடிக்கலாம். எங்கள் அரசியலமைப்பின் தமிழில் ‘நியாயாதிக்கம்’ என்று இருக்கும் இடத்தில் அவர்கள் ‘அதிகார வரம்பு’ என்பார்கள், ‘நியாயசபை’க்குத் ‘தீர்ப்பாயம்’. தமிழாகப் பார்த்தால் குற்றமில்லை. இங்கத்தைய நீதிமன்றப் பதிவேட்டில் அந்தச் சொற்கள் அந்நியமாக நிற்கும், அவ்வளவுதான். பதவிப் பெயர்களுக்கும் திணைக்களப் பெயர்களுக்கும் இராஜகிரியவிலுள்ள அரசகரும மொழிகள் திணைக்களத்தின் சொற்றொகுதிகள்தான் அளவுகோல். மேசையில் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பொது அகராதிகளில் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, 2020இல் வந்த மூன்றாம் பதிப்பு, எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்காகவே வைத்திருக்க வேண்டியது. சாக்கு, சமாதானம் போன்ற சொற்கள் எந்த வினையோடு சேரும் என்பதை வாக்கியம்தான் காட்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி 1924 முதல் 1936 வரை வந்தது, பின்னிணைப்பு 1939இல். பழைய காணி உறுதிகளைப் படிக்க உதவும், இன்றைய கந்தோர்க் கடிதத்துக்கு உதவாது. கூகுள் மொழிபெயர்ப்பைத் திறந்துவைத்து வேலை செய்வது இப்போது எல்லாக் கடையிலும் சகஜம். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் மேலே சொன்ன ‘நிதஹஸட்ட கருணு’ போன்ற தொடர்களில் அது தருவதைக் கையால் திருத்தாமல் விடக் கூடாது.

தேவாலயப் பத்திரங்கள் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. ஞானஸ்நான அத்தாட்சிக்குப் பிரச்சினையில்லை. மறைக்கல்விப் பிரசுரமோ பிரசங்கமோ என்றால், ஆங்கிலத்தில் ‘ஜஸ்டிஃபிகேஷன்’ என்று வரும் இறையியல் சொல்லுக்குத் தமிழில் சபைக்கொரு வழக்கு உண்டு. புரட்டஸ்தாந்தரின் பழைய வேதாகமத்தில் ‘நீதிமான்களாக்கப்படுதல்’. கத்தோலிக்கர் படிக்கும் திருவிவிலியத்தில் ‘ஏற்புடையவர்களாக்கப்படுதல்’. ரோமர் 5:1ஐ இரண்டிலும் ஒப்பிட்டால் தெரியும். இந்தக் கோட்பாட்டின் மேல் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31இல் அவுக்ஸ்பேர்க்கில் கூட்டுப் பிரகடனம் ஒன்றில் கையொப்பமிட்டன; தமிழ்ச் சொல் இன்னும் ஒன்றாகவில்லை. எந்தச் சபைக்கு என்று கேட்காமல் வேலையை எடுக்கிற கடை, பாதிப் பிரதியைத் திருப்பி அடிக்க வேண்டிவரும்.

கடைசியில் எல்லாம் முடிந்து பிரின்ட் எடுக்கப்போகும்போது ரைப் அடிக்கிற பெடியன் கேட்பான்: ‘ஜஸ்டிஃபை பண்ணவா?’ இந்த ‘ஜஸ்டிஃபை’ இரு ஓரத்தையும் நேராக்குவது. வேண்டாம் என்று சொல்லுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை; ‘சமர்ப்பிக்கப்பட்டிருக்கவேண்டியதாகும்’ போன்றவொன்று வரியில் கொள்ளாமல் அடுத்த வரிக்குப் போனதும், மிஞ்சிய மூன்று சொற்களை இழுத்து நடுவில் பெரிய வெளி விட்டுவிடும். அட்டவணைக் கட்டங்களுக்குள் இது இன்னும் மோசம். இடப்பக்கம் மட்டும் நேராக விட்டால் போதும். அதோடு பல கடைகள் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கின்றன. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய முறை. சொல்லை முறிக்கும் வசதியோ எழுத்துப்பிழை பார்க்கும் வசதியோ அதில் வேலை செய்யாது, மின்னஞ்சலில் ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாகிவிடும். மென்பிரதி தேவையானால் யுனிகோட்டில் வேண்டும் என்று வேலையைக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

கொடுக்கும் முறை இதுதான். மூலத்தின் தெளிவான ஃபோட்டோக்கொப்பியில் நியாயம், காரணம், விளக்கம் சம்பந்தமான சொற்கள் வரும் இடங்களைப் பென்சிலால் கோடிடுங்கள். பத்திரம் யாருக்குப் போகிறது, எந்த நடவடிக்கையில் எந்தக் கட்டம் என்பதை இரண்டு வரியில் எழுதி இணையுங்கள். இது இல்லாமல் எந்த மொழிபெயர்ப்பாளருக்கும் காரணம், சாட்டு, எதிர்வாதம் மூன்றையும் பிரித்தறிய வழியில்லை. முத்திரை குத்த முன்பு வரைவைக் கேளுங்கள். முத்திரை விழுந்த பிறகு ஒரு சொல்லை மாற்றினாலும் அந்தப் பக்கத்தைத் திரும்ப அடித்து, திரும்பக் கையொப்பமிட வேண்டும். அதற்குச் சில இடங்களில் மறுபடியும் காசு கேட்பார்கள். முத்திரையில் உள்ள மொழிச் சோடி உங்கள் பத்திரத்தின் சோடிதானா என்று பாருங்கள்: சிங்களம்–ஆங்கிலத்துக்குச் சத்தியப்பிரமாணம் செய்தவர் தமிழ்ப் பத்திரத்துக்கு முத்திரை வைத்தால் பிறகு நிராகரிப்பு வரும்.

கட்டணம் பக்கக் கணக்கு. மூலத்தின் பக்கமா, மொழிபெயர்ப்பின் பக்கமா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் தமிழில் அநேகமாக ஒரு பக்கத்தைத் தாண்டிவிடும். நீதிமன்ற நாட்களில் காலையில் நெரிசல். வழக்குகள் முடிந்து சட்டத்தரணிகள் கலைந்த பிற்பகலில் போனால், முத்திரைக்காரரே உட்கார்ந்து வரைவைப் பார்க்க நேரம் கிடைக்கும். காலையில் அவருக்குப் பதிலாக ரைப் அடிக்கிறவரிடம் கேட்டுத் திருத்த வேண்டிவரும்.